மந்திரம் பலிக்காத மிருகத்துக்குக் கண் தெரியுமா?

1

இந்தக் கதை ஒரு வாக்குவாதத்தில் பிறந்தது. அதில் நான் வாயே திறக்கவில்லை. அதனால்தான் எழுத விஷயம் மிச்சமிருக்கிறது.

முதல் வரியை இப்படி எழுதியிருந்தேன்: 'இருண்ட குகையின் வாசலில் அந்தக் கொடிய மிருகம் மூச்சு வாங்கியபடி—' அடித்துவிட்டேன். மிருகம் நின்றது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில். கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் பொம்மை. வாலைப் பசை போட்டு ஒட்டியிருந்தோம்.

தெரியாதவர்களுக்கு: இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே ஆடும் விளையாட்டு. ஒருவர் கேம் மாஸ்டர். குகை, மழை, பூதம் எல்லாவற்றிலும் அவர் வைத்ததுதான் சட்டம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம், அதற்கொரு குட்டிப் பொம்மை. என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். வேலைக்குப் போகிற, வரி கட்டுகிற பெரியவர்கள்தான் ஆடுகிறோம். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

2

கேம் மாஸ்டர் என் மாமா. அதாவது அக்காவின் கணவர். அதாவது, போன மாதம் வரைக்கும் கணவர். (நீதிமன்றம் அவர்கள் கல்யாணத்தைத்தான் ரத்து செய்தது. நான் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே மாமா மாமாதான்.)

அவருக்கு ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை. நாள் முழுக்க வசவும் அழுகையும் கேட்டு, "உங்க சிரமம் புரியுது" என்று ஏற்ற இறக்கமில்லாமல் சொல்ல வேண்டும். அந்தக் குரலை வீட்டுக்கும் கொண்டுவந்தார். அக்கா கத்திப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். "உன் சிரமம் புரியுது" என்றார். விவாகரத்து மனுவைப் படித்துவிட்டும் அதையேதான் சொன்னாராம். வக்கீல் சத்தியம் செய்கிறார்.

அக்கா பிசியோதெரபிஸ்ட். வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. "இந்த ஆட்டம் முடியற வரைக்கும் வர்றேன். அப்புறம் கிளம்பிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். ஆட்டத்தில் அவள் மந்திரவாதி. மாமாவின் நண்பரான பல் டாக்டர், பூசாரி. நான் வாள்வீரன்.*

* நிஜத்தில் ரொட்டி வெட்டினாலே எனக்கு விரலில் கட்டு.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா பொம்மையை மேசை நடுவில் வைத்தார்.

"குகையைத் தாண்ட இது ஒண்ணுதான் வழி. நடுவுல இது நிக்குது. தோல்ல வாள் இறங்காது. எந்த மந்திரமும் இதுமேல பலிக்காது."

"எந்த மந்திரமும்னா?" என்றாள் அக்கா.

"எந்த மந்திரமும்."

அக்கா நெருப்பை ஏவினாள். "மேல பட்டு அணைஞ்சு போச்சு" என்றார் மாமா. தூங்க வைக்கப் பார்த்தாள். "கொட்டாவிகூட விடல."

"நான் வேணா ஆசீர்வாதம் பண்ணட்டுமா?" என்றார் பல் டாக்டர்.

"அதுவும் பலிக்காது."

"பாவம்டா. அதுக்கு ஒரு காய்ச்சல் வந்தா என்ன பண்ணும்?"

"சரி, அதை விட்டுர்றேன்" என்றாள் அக்கா. "அது நிக்கிற பாறையைச் சேறாக்குறேன். பாறைமேல பலிக்கும்ல?"

[இங்கேதான் இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். மந்திரத்தில் பிறந்த நெருப்பு சுடாது, சரி. ஆனால் மந்திரம் உருட்டிவிட்ட பாறாங்கல்? உருண்ட பிறகு அது வெறும் கல்தானே, மண்டை உடையாதா? உடையும் என்று ஒரு கட்சி, உடையாது என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் ஒரே தட்டிலிருந்து பிஸ்கட் தின்னும்.]

மாமா யோசித்துத் தீர்ப்பு சொன்னார். "சேறு மந்திரத்துல வந்தது. அதனால நமக்குச் சேறு. அதுக்குப் பாறைதான்."

"ஒரே தரை. உங்களுக்கு மட்டும் பாறையா?"

"அதுக்கு" என்று திருத்தினார் பல் டாக்டர்.

"அதுக்கு" என்றாள் அக்கா.

4

முதல் வரைவில் இந்த இடத்தில் மாமாவைப் பழிவாங்கும் ஆளாக்கியிருந்தேன்: 'மனைவியை ஜெயிக்க முடியாத கோழை, ஒரு பொம்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு—' நல்ல வாக்கியம். தண்ணீர் எடுக்கப் போன சமையலறையில் பல் டாக்டர் அதைக் கெடுத்துவிட்டார்.

"உனக்குப் புரியலையா? அது செத்தா ஆட்டம் முடிஞ்சிரும். சாகலேன்னா உங்க அக்கா அடுத்த வாரமும் வரணும்."

"அதை வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"யாரு, அவனா?" என்று தண்ணீரைக் குடித்தார்.

நாங்கள் திரும்பியபோது அக்கா மிருகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடங்காத முழங்காலை எந்தப் பக்கமிருந்து தொடலாம் என்று யோசிக்கும் பார்வை.

"இந்தக் குகையில வெளிச்சம் எப்படி வந்தது?"

"நீதான் மந்திரத்துல விளக்கு ஏத்தின."

"நமக்கு வெளிச்சம். அதுக்கு?"

மாமா மனக்கணக்குப் போட்டார். வெளிச்சம் தெரிகிறது என்றால் மந்திரம் பலிக்கிறது. பிறகு சேறும் பலித்தாக வேண்டும். அவருக்குச் சேற்றை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"இருட்டு" என்றார்.

"இவ்வளவு நேரமா எங்களைப் பாக்கவே இல்லையா?"

"பாக்கல."

"சரி. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓரமா நடந்து போறோம்."

பகடையை உருட்டினாள். எங்களுக்குச் சாதகமாக விழுந்தது.

"அதைக் கொல்லலையா?" என்றார் மாமா. குரல் உடைந்திருந்தது. அவர் குரல் உடையும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"எதுக்கு? அது பாட்டுக்கு நிக்கட்டும்." எங்கள் மூன்று பொம்மைகளையும் ஒவ்வொன்றாக மிருகத்துக்கு அப்பால் நகர்த்தி வைத்தாள். "தாண்டிட்டோம். இந்தப் பக்கம் என்ன இருக்கு?"

மாமா தன் காகிதங்களைப் புரட்டினார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"எழுதல" என்றார். "தாண்டுவீங்கன்னு நினைக்கல."

5

கைவசம் இருக்கும் முடிவுகள்: மாமா அழுகிறார், அக்கா புது வேலையை உதறுகிறாள். (இது பிடித்தவர்கள் அக்காவிடமே நேரில் சொல்லுங்கள், நான் தள்ளி நின்றுகொள்கிறேன்.) அக்கா கிளம்புகிறாள், கதவு அறைந்து சாத்திக்கொள்கிறது, வெளியே மழை. (அன்று வெயில் கொளுத்தியது.) மிருகம் வேறு யாருமல்ல, மாமாதான் என்று நான் திடுக்கிட்டுக் கண்டுபிடிக்கிறேன். (நீங்கள் இரண்டாம் பகுதியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். அக்கா கல்யாணமான புதிதிலேயே.)

நடந்தது இவ்வளவுதான். அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இப்போ சொல்லுங்க. கேட்டுட்டுப் போறேன்."

மாமா வாயைத் திறந்தார். பல் டாக்டர் தொழில் பழக்கத்தில் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பக்கம்..." என்றார் மாமா.

அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவருக்கு ஒரு கல்யாணமே செலவாகியிருக்கிறது; உங்களுக்கு மட்டும் இலவசமாகக் கிடைக்க வேண்டுமா? நீங்களே சொல்லிப் பாருங்கள். எதிரே ஒருத்தி பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுதி வைத்தது ஒன்றுமில்லை. ம், ஆரம்பியுங்கள்.