எங்கை என்று கேட்காத வீடு

படகு வைத்திருப்பவன் மீன் பிடிப்பதில்லை, படகுக்கு ஊழியம் செய்கிறான். இதை எங்கள் கொட்வின் அண்ணையின் முகத்துக்கு நேரே நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். எஞ்சினுக்கு எண்ணெய், ட்ரெய்லருக்கு டயர், நிறுத்தி வைக்கிற யார்டுக்கு வாடகை, குளிர்காலத்துக்கு ஒரு போர்வை. பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார். இத்தனையும் செய்து கடலில் இறக்கினால், அந்த எஞ்சின் போடுகிற சத்தத்தில் பாஸ் மீன் பிரான்சுக்கே போய்விடும்.

பாஸ் என்றால் மன்னாரில் நாங்கள் தின்ற கொடுவாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி உடம்பு, முதுகில் முள், மகா சந்தேகப் பிராணி. கடல் பெருகி வருகிற நேரத்தில் முழங்கால் ஆழத் தண்ணீருக்குள் நண்டு தேடி வரும். அதற்குள் படகைக் கொண்டுபோவது பூசை நடக்கும்போது கோயிலுக்குள் லொறி ஓட்டுவதற்குச் சமம். என் கயாக் அப்படியல்ல, காலை நீட்டி இருந்து துடுப்பால் தள்ளுகிற ஒற்றை ஆள் தோணி அது. ஒரு சாண் தண்ணீர் போதும், மிதக்கும். துடுப்பை வைத்தது தண்ணீருக்கே தெரியாது. தூண்டில் தடி மெல்லியதாக, விரலுக்குச் செய்தி சொல்வதாக இருக்க வேண்டும். நுனியில் மேலே மிதந்து துள்ளுகிற பொய்மீன் ஒன்று. அவ்வளவுதான். அண்ணையின் தடியைத் தூக்கினால் கல்யாணப் பந்தலுக்குக் கால் நடலாம். அதன் நுனியில் ஒரு றாத்தல் ஈயக்கட்டி வேறு.

அவரும் சும்மா விடுகிற ஆள் இல்லை. "காலை நீட்டிக்கொண்டு மனிசர் போறது ஒரேயொரு பெட்டியிலைதான் பெனிற்றா. அதிலை ஏறுறதுக்கு எனக்கு இன்னும் வயது கிடக்கு" என்பார். கயாக்கைச் சவப்பெட்டி என்றே சொல்லுவார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். லண்டனில் அப்டன் பார்க் ரயில் ஸ்டேஷனில் வேலை செய்து, நாள் முழுக்கச் சனத்தின் ஏச்சைச் சிரித்துக்கொண்டு வாங்குகிறவள் நான். அண்ணையின் ஒரு சொல்லைத் தாங்க ஏலாது.

அண்ணையிடம் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. கடலுக்குப் புறப்படுகிறவரிடம் 'எங்கை போறாய்' என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் போன காரியம் கெட்டது. நம் சனம் எல்லாருக்கும் உள்ளதுதான், ஆனால் அவருக்கு அது பத்துக் கட்டளைக்கு அடுத்த பதினோராவது. கல்யாணமான புதிதில் அவருடைய மனைவி டொலறஸ் மச்சாள் தெரியாமல் வாசலில் நின்று கேட்டுவிட்டார். அண்ணை ஏறிய வாகனத்திலிருந்து இறங்கி, தடிகளை அவிழ்த்து உள்ளே வைத்து, அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். அதற்குப் பிறகு மச்சாள் கேட்டதே இல்லை. பிள்ளைகளும் கேட்பதில்லை. புறப்படுகிறவர் 'போட்டு வாறன்' என்பார், வீடு 'ஓம்' என்னும். நானும் அதே வீட்டுப் பிள்ளைதானே, எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

போதாக்குறைக்குப் பாஸ் பிடிக்கிறவர்கள் எல்லாரும் கள்ளர். தன் மீன் நிற்கிற இடத்தைத் தாய்க்கும் சொல்லமாட்டார்கள். நான் அதில் இன்னும் மோசம். தேம்ஸின் தென்கரையில், கென்ட் பக்கம், மெட்வே ஆறு கடலோடு சேருகிற சதுப்புக்குள் எனக்கு ஓர் ஓடை உண்டு. நடுவில் சிப்பிகள் சேர்ந்து மேடாகிப்போன ஒரு திட்டு. கடல் வற்றும்போது அது வெளியே தெரியும், பெருகும்போது அதன் ஓரத்தில்தான் பாஸ் வரும். ஒரேயொரு தடவை அண்ணையைக் கூட்டிக்கொண்டு போய்க் கரையணையில் இருத்திக் காட்டினேன். அதுவும் ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று புனித அந்தோனியார்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான். மனிசன் சொல் தவறுகிற ஆள் இல்லை. மச்சாளுக்குக்கூடச் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் ஒரு ஞானஸ்நான விருந்தில் எங்களுக்குள் முற்றிவிட்டது. எல்லாரும் இருக்கிற மேசையில் அண்ணை என் கயாக்கைப் பற்றிப் பகிடி விட்டார். நான் பொறுக்கவில்லை. "எஞ்சின் இல்லாட்டி உங்களுக்கு மீனும் இல்லை, கடலும் தெரியாது. ஒருநாள் துடுப்பைப் பிடிச்சுப் பாருங்கோ, அப்ப கதைப்பம்" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து போகவில்லை, போனிலும் கதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழ்ப் பூசை. கடலுக்குப் போனாலும் அண்ணை அதற்கு முதல் வந்துவிடுவார், பதிலுரைப் பாடல் அவருடையது. விருந்து முடிந்து சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு, வாசகம் முடிந்தது, பாட எழும்ப ஆள் இல்லை. ஆர்மோனியக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் சுவாமியாரே பாடலை வாசித்து முடித்தார். இரண்டு வரிசை முன்னால் இருந்த மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைக் கண்டதும் நான் எழும்பிவிட்டேன். பூசை முடியும்வரை நாங்கள் நிற்கவில்லை.

"விடிய முதலே போட்டார்" என்றார் மச்சாள், கோயில் வாசலில். "போன் அடிச்சா எடுக்கிறார் இல்லை."

"எங்கை போனவர்?"

"நான் எப்பிடிக் கேக்கிறது?" என்றார் மச்சாள். "கேக்கக் கூடாதெண்டுதானே இவ்வளவு காலமும் கேக்காமல் இருந்தனான்."

அண்ணை வீட்டுக்கு வந்து 999 அடித்துக் கரையோரக் காவல் படையைக் கேட்டோம். ஒரு பெண் நிதானமாகக் கேள்வி கேட்டாள். என்ன படகு, எங்கிருந்து இறக்கினார், எப்போது திரும்புவதாகச் சொன்னார். மச்சாள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்: வெள்ளைப் படகு, நீலக் கோடு, சவுத்தெண்ட் யார்டில் நிற்கும், எப்போதும் அங்கிருந்துதான் இறக்குவார். அது வடகரை, எசெக்ஸ் பக்கம். உடனே அங்கே தேடச் சொல்கிறோம் என்றாள் அந்தப் பெண். லைஃப் ஜாக்கெட் என்ன நிறம் என்று கேட்டாள். மச்சாளுக்கு அது தெரியவில்லை.

"பொறுங்கோ, நான் பாத்துச் சொல்லுறன்" என்று பின்வளவுக் கொட்டிலுக்கு ஓடினேன்.

கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது சிவப்புச் சுருள் கயிறு. ஆள் தண்ணீருக்குள் விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற கயிறு அது. அதைக் கொழுவாமல் அந்த எஞ்சின் உறுமாது. அது தன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய சிவப்பு லைஃப் ஜாக்கெட். பந்தல்கால் தடிகள் நான்கும் மூலையில் நின்றன. ஈயக்கட்டி வாளி அசையவில்லை.

படகை அவர் எடுக்கவே இல்லை.

கொட்டிலுக்கும் வேலிக்கும் இடையிலுள்ள ஒழுங்கைக்குப் போனேன். புதியது வாங்கியபோது என் பழைய மஞ்சள் கயாக்கை அங்கேதான் போட்டிருந்தேன். தார்ப்பாய் தட்டையாகக் கிடந்தது. அதோடு நான் விட்டுப்போன மெல்லிய தூண்டில் தடியும் ஊதா லைஃப் ஜாக்கெட்டும் இல்லை. அந்த ஜாக்கெட் பெண்களின் அளவு, அவருடைய வண்டி வயிற்றுக்கு அதன் ஸிப் ஏறவே ஏறாது.

சவப்பெட்டி என்று சொன்ன மனிசன். நான் மேசையில் வைத்துச் சொன்ன சொல்லுக்காகத் துடுப்பைப் பிடிக்கப் போயிருக்கிறார். போவதற்கு அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான், அதை ஒருவருக்கும் சொல்வதில்லை என்று சத்தியமும் செய்திருக்கிறார்.

நான் ஓடி வந்து மச்சாளின் கையிலிருந்து போனைப் பறித்தேன். "சவுத்தெண்டில் தேடாதீர்கள். அவர் தென்கரையில் இருக்கிறார். மஞ்சள் கயாக், ஊதா ஜாக்கெட். மெட்வே முகத்துவாரம், பிறையர்ஸ் கிறீக். பழைய செங்கல் கோட்டைக்குப் பின்னால், நடுவில் ஒரு சிப்பித்திட்டு." நானே எனக்குள் மெதுவாகச் சொல்லிக்கொள்கிற பெயர் அது. இப்போது அதை இரண்டு தடவை கத்திச் சொன்னேன், எழுத்துக் கூட்டியும் சொன்னேன்.

"நிச்சயமாகத் தெரியுமா?" என்றாள் அந்தப் பெண்.

"என் அண்ணன். எனக்குத் தெரியும்."

கடல் பெருகத் தொடங்கி வெகு நேரமாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்தத் திட்டு இன்னும் கொஞ்சத்தில் மூடிவிடும் என்றும் தெரியும். அதை நான் மச்சாளுக்குச் சொல்லவில்லை. அவர் செபமாலையை எடுத்து, காணாமல்போனதைத் தேடித் தருகிற அந்தோனியாரைக் கூப்பிடத் தொடங்கினார். அந்தோனியார்மேல்தான் நான் அந்தச் சத்தியத்தை வாங்கினேன். எனக்கு வாய் வரவில்லை, பக்கத்தில் மண்டியிட்டுச் சும்மா இருந்தேன்.

போன் அடித்தது. மச்சாள் எடுக்க மறுத்துத் தலையை ஆட்டினார், நான்தான் எடுத்தேன். உயிர்காப்புப் படகுக்காரர் கண்டுபிடித்துவிட்டார்கள். திட்டுக்கு மேல் நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாராம், கையில் தூண்டில் தடியை ஊன்றிக்கொண்டு. உயிர் இருக்கிறது, உடம்பு வெகுவாகக் குளிர்ந்துபோய்விட்டது, கென்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். எசெக்ஸ் பக்கம் தேடிக்கொண்டிருந்தால் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள்தான் அவருக்குக் கதைக்க முடிந்தது. நடந்தது இவ்வளவுதான். கடல் வற்றியிருந்தபோது திட்டில் இறங்கிக் காலை நிமிர்த்தியிருக்கிறார். படகுக்காரன் புத்தி. படகென்றால் தரைதட்டினால் தட்டினதுதான், கடல் நன்றாகப் பெருகும்வரை ஆனை மாதிரிக் கிடக்கும். நங்கூரம் போட வேண்டியதில்லை, கட்ட வேண்டியதில்லை. அவரும் கயாக்கை ஓரத்தில் விட்டுவிட்டு மறுபக்கம் போய்ப் பொய்மீனை எறிந்திருக்கிறார். கயாக்குக்கு ஒரு சாண் தண்ணீர் போதும் என்று நான்தான் ஊரெல்லாம் பெருமையடிக்கிறேனே. அந்த ஒரு சாண் வந்தது, அது போய்விட்டது. போன் அதன் பெட்டிக்குள். சுற்றிவர இடுப்புவரை புதைக்கிற சேறு. நீந்துவதற்கு அந்தக் குளிரில் ஏலாது.

"சத்தமே கேக்கேல்லை பெனிற்றா" என்றார். உதடு வெடித்திருந்தது. "திரும்பிப் பாக்கிறன், அது தன்ரபாட்டிலை போகுது. நீ சொன்னதுதான். தண்ணிக்கே தெரியாது."

நான் அழுதேன். கோபத்திலும் அழுதேன். "ஏன் அண்ணை ஒருத்தருக்கும் சொல்லாமல் போனீங்கள்?"

"உன்னட்டைச் சத்தியம் பண்ணினனான்" என்றார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் நின்ற மச்சாளைப் பார்த்தார். "இவள் கேக்கவும் இல்லை."

மச்சாள் போர்வையை இழுத்து அவருடைய காலை மூடிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. அண்ணை அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். தான் சொன்னது எப்படிப்பட்ட சொல் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். "டொலறஸ்" என்று கூப்பிட்டார். மச்சாள் திரும்பவில்லை. நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன்.

குளிர்காலம் முழுக்க அவர் வீட்டில்தான் இருந்தார். இரண்டு கையிலும் விரல் நுனி மரத்துப்போய்விட்டது, மெல்லிய நூலில் முடிச்சுப் போட வராது. படகை விற்றுவிட்டார், யாரும் சொல்லவில்லை, தானாகத்தான். மஞ்சள் கயாக்கைப் பல மைல் தள்ளி யாரோ கண்டெடுத்துத் தந்தார்கள். நான் அதைத் தூக்கியெறியப் போனபோது "கிடக்கட்டும்" என்றார்.

சித்திரையில் பாஸ் திரும்பி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியல், அவருடைய ஒழுங்கையிலிருந்து அந்த மஞ்சள் கயாக்கை இழுத்து வாகனத்தின் மேல் ஏற்றிக் கட்டினேன். உதவிக்குக் கூப்பிடுகிற றேடியோவை நெஞ்சில் கொழுவினேன், கயாக்கிலிருந்து இடுப்புக்கு வருகிற கயிற்றைச் சரிபார்த்தேன். குசினி ஜன்னலில் மச்சாள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்து ஏறப்போகையில் அண்ணை செருப்போடு வாசலுக்கு வந்தார். அந்த மரத்த விரல்களால் வாகனக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கை போறாய்?" என்றார்.

ஜன்னலில் மச்சாளின் கை நின்றுவிட்டது. எனக்கும் ஒரு கணம் உடம்பு கூசியது, வளர்ந்த வளர்ப்பு அப்படி. திரும்பி உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"பிறையர்ஸ் கிறீக், அண்ணை. கோட்டைக்குப் பின்பக்கம். திட்டிலை இறங்கமாட்டன்."

"எத்தினை மணிக்கு வருவாய்?"

"பூசைக்கு முதல் வந்திடுவன்."

அவர் இடத்தின் பெயரையும் நேரத்தையும் வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். திரும்பி, ஜன்னலில் நின்ற மச்சாளுக்குக் கேட்கும்படி இன்னொருதரம் உரக்கச் சொன்னார். மச்சாள் 'ஓம்' என்று தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் அண்ணை கதவிலிருந்து கையை எடுத்தார்.

"போட்டு வாறன்" என்றேன்.