லோஜினி பேருக்கு நின்னவ

ஏழு மாசமா வராதவ, நேத்து மத்தியானம் பொகவந்தலாவை பஸ்ஸுல வந்து எறங்குனா. என் கூடப் பொறந்தவ நிலக்ஷி. சும்மா கூடப் பொறந்தவ இல்லைங்க, ரெட்டை. எனக்குப் பத்து நிமிசம் முந்தி வந்தா, அவ்வளவுதான். மூஞ்சி, குரல், நடை எல்லாம் ஒண்ணாத்தான் இருந்துச்சு.

கொழும்புல ஒரு பியூட்டி பார்லர்ல வேலை. அங்க போன ரெண்டாம் வருசம், இந்த ஏழு மாசத்துக்குள்ளதான், மூக்கை ஆபரேசன் பண்ணிக்கிட்டா. ஒரு நடிகை போட்டோவைக் காட்டி, "இது மாதிரி வேணும்"னு டாக்டர்கிட்ட கேட்டாளாம். எங்க மூக்கு சப்பை, நுனி தடிப்பு. அப்பா வழி. இப்ப நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லக்கூடாது. ஆனா எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! அவ வேணாம்னு தூக்கிப் போட்டது என் மூஞ்சியில இன்னும் இருக்குல்ல?

வந்ததுல இருந்து ஒரு எடத்துல உக்காரலை. போனைத் திருப்பி மூஞ்சி பாக்குறா, சில்வர் டம்ளர்ல பாக்குறா, ஜன்னல் கண்ணாடியில பாக்குறா. வெரல் மூக்கை விட்டு எறங்கலை. என் மூஞ்சியை மட்டும் பாக்க மாட்டேங்குறா.

"அடுத்த மாசம் தாடையும் செய்யப் போறேன்"னா, சோறு திங்கையில.

அம்மா கை தட்டுலயே நின்னுச்சு. "தாவாக்கட்டைக்கு என்னடி கேடு?"

"மூக்குக்குப் பொருந்தலம்மா."

"அப்புறம் கண்ணு பொருந்தாது, காது பொருந்தாது. எல்லாத்தையும் மாத்திட்டு எந்த லயத்து வீட்டு வாசல்ல வந்து நிப்ப?"ன்னு நான் கத்துனேன். எப்படியாச்சும் அவளைத் தடுத்துப்புடணும். கத்துறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியலை. அவ பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டா.

காலையில எனக்குக் கால் ஊன முடியலை. முந்தாநாளு மலையில தேயிலைக் கொழுந்தெடுக்கையில வழுக்கி விழுந்தது, வீங்கிக் கெடந்துச்சு. கொழுந்தெடுக்கையில சீலை நனையாம கட்டுற என் படங்கை நிலக்ஷி எடுத்து இடுப்புல கட்டுனா. "நான் போறேன்"னா.

இது எங்க பழைய வேலை. தோட்டத்துல பேர் பதிஞ்சது நான் மட்டும்தான். அவ கொழும்புக்குப் போறதுக்கு முந்தி, எனக்கு முடியாத நாள்ல அவதான் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போவா. என் பேரைச் சொல்லி "லோஜினி"ன்னு கூப்பிட்டா, "வந்தேங்க"ன்னு முன்னுக்கு நிப்பா. அந்த நாலு வருசத்துல கங்காணி ஆண்டியப்பன் ஒரு நாளும் கண்டுபிடிச்சதில்லை. சாயந்தரம் அவரைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிப்போம்.

"பைத்தியமாடி உனக்கு? இந்த மூஞ்சியோடயா?"ன்னேன். அவ காதுல வாங்கலை. தலைத்துணியை நெத்தி வரைக்கும் இழுத்துக் கட்டிக்கிட்டு ஓட்டமா எறங்கிப் போனா.

அரை மணி நேரத்துல திரும்பிட்டா. படங்கை அவுக்காம வாசல்லயே நின்னா.

"என்னடி, ஏசிட்டாரா?"

"ஏசலை." தலைத்துணியை உருவிப் போட்டா. "எந்திரிச்சு நின்னு, 'நீங்க யாருங்கம்மா, யாரைப் பாக்கணும்?'னு கேட்டாரு."

'ஏ கழுதை, நேரமாச்சு'ன்னுதான் அந்த மனுசன் எங்களை என்னைக்கும் வெரட்டுவாரு. எனக்குச் சிரிப்பு வரலை.

அவ விக்கி விக்கி அழுதா. "கண்ணாடியில வேற எவளோ நிக்கிறாடி. தாடையையும் மாத்துனா பழகிரும்னு நெனச்சேன். வேணாம். எனக்குப் பழசு வேணும்." அழுதுக்கிட்டே போனை எடுத்தா. "நேரா உக்காரு. அப்புறம் பக்கவாட்டுல. உன் போட்டோவைக் காட்டி, இதே மாதிரி திருப்பிச் செய்யச் சொல்றேன்."

மறுபடியும் அதே கட்டில், அதே கத்தி! போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டேன்.

"தர மாட்டேன்! என் மூக்கை அந்த டாக்டர்கிட்ட கொண்டு போக விட மாட்டேன். பாக்கணும்னு இருந்தா பஸ் ஏறி வீட்டுக்கு வா. வந்து பாத்துட்டுப் போ."

அவ போனைக் கீழ வைக்கிறது கேட்டுச்சு. படங்கோட என் பக்கத்துல வந்து உக்காந்தா.

நான் போர்வையை எறக்குனேன். வந்ததுல இருந்து மொத தடவையா என்னை நேராப் பாத்தா. பழக்க தோசத்துல அவ வெரல் மூக்கைத் தேடிப் போச்சு. இந்தத் தடவை என் மூக்கை. கால் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுச்சு, நான் அசையலை.