உத்திரமேரூர்ச் சுவர்

1991 பிப்ரவரியில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து எங்கள் ஒன்பதாம் வகுப்பை உத்திரமேரூர்க் கோயிலுக்குக் கல்வெட்டு பார்க்க அழைத்துப் போனார்கள். குடவோலைத் தேர்தலைப் பற்றிச் சுவருக்கு முன்னால் நின்று எல்லோருக்கும் விளக்கும் வேலையை ராஜாமணி சார் என் சிநேகிதி சசிரேகாவிடம் கொடுத்திருந்தார். எப்போதும் பாபுதான் எழுந்து பேசுவான். அவளுக்கு இதுதான் முதல் தடவை. சாப்பிடும்போதுகூட அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

வாலாஜாபாத் தாண்டியதும் என் காதில் சொன்னாள்.

"ஷாரோனு, தூரமாயிட்டேன்டி. கோயிலுக்குள்ள எப்டி வருவேன்?"

பஸ் நின்றதும் அவள் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. "கோயிலுக்குள்ள போவாத, பஸ்லயே குந்து" என்று சொல்லித்தான் என்னை அம்மா அனுப்பியிருந்தாள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள்.

"இன்னா, ரெண்டு பேரும் பஸ்ஸுக்குக் காவலா?" என்றான் பாபு.

"வயித்து வலி" என்றாள் சசிரேகா.

"அப்ப நானே சொல்லிக்கிறேன்." சிரித்துக்கொண்டே ஓடினான்.

அவள் முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "போச்சுடி" என்றாள்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளிச்சுவர் ஓரமாக எல்லோரையும் சார் வெயிலில் நிற்க வைத்திருந்தார். பாபு முன்னால் போய்ச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். காலில் செருப்பு. சார் காலிலும் செருப்பு.

"சசி, யாரும் செருப்பக் கழட்டலடி!"

"அதுக்கு இன்னா இப்போ?"

"எய்த்து வெளி செவுத்துலதான் கீது. அதுவும் கோயில்னா, நாமம் போட்ட நம்ம சாரு செருப்போட நிப்பாரா?"

எட்டிப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் பஸ்ஸில் இல்லை. நான் பின்னால் ஓடினேன்.

பாபு அதற்குள், "சோழர் காலத்துல..." என்று ஆரம்பித்திருந்தான்.

"சார், நான் சொல்றேன்."

"உனக்கு வயித்து வலின்னு பாபு சொன்னானே?"

"இப்ப இல்ல சார்."

"டேய் பாபு, தள்ளி நில்லு."

சசிரேகா முன்னால் போய் நின்றாள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுவது, குலுக்குவது, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது என்று வரிசையாகச் சொன்னாள். கணக்குக் காட்டாதவன் பெயர் மட்டுமல்ல, அவன் சொந்தக்காரன் பெயரும் குடத்துக்குள் போகாது என்றாள்.

"பொம்பளைங்க பேரு?" என்றான் பாபு.

"போட மாட்டாங்கடா" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முழுவதையும் முடித்தாள். சார் கை தட்டினார்.

"சரி, செருப்பக் கழட்டுங்க. சாமி பாத்துட்டு வந்துடலாம்."

நாங்கள் இரண்டு பேரும் நகரவில்லை. சார் எங்களைப் பார்த்துவிட்டு மற்றவர்களை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். பாபு மட்டும் செருப்பை எங்கள் முன்னால் உதறினான்.

"பாத்துக்குங்க."

"போடா, கொரங்கு தூக்கினு போவட்டும்" என்றாள் சசிரேகா.