உங்க புண்ணியத்துல

பதினொரு வருடமாக எனக்கு இடுப்பு வலி. இதுவரை நான் ஒட்டிய பிளாஸ்திரிகளை வரிசையாக வைத்தால் ஹிமேஜியிலிருந்து ஒசாகா வரை தண்டவாளத்தையே மூடிவிடலாம். ஊசி போட்ட மருத்துவருக்குத் தன் மனைவியின் முகத்தைவிட என் இடுப்பு நன்றாகத் தெரியும். ஆறு ஸ்கேனிலும் எலும்பில் ஒரு குற்றமும் அகப்படாததால், பேசியே வலியைக் குறைக்கும் பிரிவுக்கு என்னைத் தள்ளிவிட்டார்கள். பன்னிரண்டு வாரம்.

அங்கிருந்த பெண் மருத்துவர் ஹிராகா சென்செய்க்கு நான் ஓட்டிய பஸ்ஸைவிட வயது குறைவு.

“வலி வர்றப்ப மனசுல என்ன ஓடுதுன்னு இந்த நோட்டுல எழுதிட்டு வாங்க, குராமோச்சி சான்.”

“வலி இடுப்புலதான், சென்செய். மனசு நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப நல்லா இருக்குன்னே எழுதுங்க.”

கெட்டிக்காரி. முதல் வாரம், ‘சூப்பில் உப்பு அதிகம்’ என்று எழுதிக்கொண்டு போனேன்.

“இடுப்புக்கும் சூப்புக்கும் என்ன பகை?” என்று சிரிக்காமல் கேட்டார்.

ஏழாம் வாரம் வீட்டில் உட்கார்ந்து ஒரு பெயர் எழுதினேன். இசோபே. பிறகு கை நிற்கவில்லை, பக்கம் நிறைந்துவிட்டது.

இசோபே பஸ் பணிமனையில் என்னோடு வண்டி ஓட்டியவன். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு குதிரைப் பந்தய நாளில், எருமைபோல் திடமாக இருந்த நான், இடுப்பு பிடித்துக்கொண்டது என்று அவனிடம் போனில் முனகினேன். விடுப்பிலிருந்த இசோபே, “படுத்துக்கடா கிழவா, உன் வண்டிய நான் ஓட்டறேன்,” என்றான். மலைப்பாதையில் அவன் இதயம் நின்றது. அதற்கு முன் பிரேக்கை மிதித்து, பயணிகள் அத்தனை பேரையும் காப்பாற்றிவிட்டான். என் குதிரை நான்காவதாக வந்தது.

சாவு வீட்டில் அவன் மனைவி கேட்டாள்: “உங்க இடுப்பு இப்ப எப்படி இருக்கு?”

“உங்க புண்ணியத்துல தேவலாம்,” என்று சொல்லிக் குனிந்தேன். அப்போது பிடித்தது, இன்னும் விடவில்லை.

எங்கள் ஊரில் யார் நலம் கேட்டாலும் அதுதான் பதில். சவப்பெட்டியில் கிடப்பவனைக் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்து அதைத்தான் சொல்வான். ஹிராகா சென்செயும் வாராவாரம் முதல் வேலையாக, “எப்படி இருக்கு?” என்பார். நானும் அதையே சொல்வேன். அவர் ‘நலம்’ என்பதற்கு அடையாளமாகத் தாளில் ஒரு வட்டம் போடுவார்.

எட்டாம் வாரம், அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். இதை ஒரு ஆளிடமாவது சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஒழிய இந்த இடுப்பு என்னை விடாது.

“எப்படி இருக்கு?”

“உங்க புண்ணியத்துல தேவலாம்.” வாய் முந்திக்கொண்டது.

சென்செய் தாளை என் பக்கம் திருப்பினார். எட்டு வட்டங்கள்.

“இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் குணமானதில்ல. இன்னிக்கோட முடிச்சுக்கலாமா? நிறைய பேர் காத்திருக்காங்க.” பேனாவை மூடப்போனவர் நிறுத்தினார். “மரியாதைக்காகச் சொல்லலியே, குராமோச்சி சான்?”

சட்டைப்பையில் காகிதம் மொடமொடத்தது. காத்திருப்பவர்களைப் பற்றிச் சொன்ன பிறகு எப்படி ஐயா வாயைத் திறப்பது? அதோடு, அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

“சேச்சே. அப்படியெல்லாம் இல்ல, சென்செய்.”

“உடம்பப் பாத்துக்கோங்க.”

எழுந்து குனிந்தேன். இடுப்பு அப்படியே பூட்டிக்கொண்டது. நிமிர்வதற்குள் ஒரு செர்ரி மரம் பூத்து உதிர்ந்திருக்கும். இந்தக் கிழவனுக்குத்தான் எத்தனை பணிவு என்று நினைத்தாரோ என்னவோ, சென்செய் என்னைவிடக் கீழே குனிந்தார்.