பானெட்டில் முட்டையிட்ட தும்பி

ஔசேப்பு புதுக் கார் எடுத்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. கறுப்பு வண்டி. அடுத்த வீட்டு பிரசீதாவை மணக்கோலத்தில் கோயிலுக்குக் கூட்டிப்போவதுதான் அதன் முதல் பெரிய சவாரி. ஓடைக்கரையில் நிறுத்தி, விடிந்ததிலிருந்து தேய்தேய் என்று தேய்த்தார். குனிந்தால் பானெட்டில் அவருடைய நரைமீசை தெரிந்தது.

வெயில் ஏறியதும் ஓடை மடுவின் மேல் சிந்தூரத் தும்பிகள் பறக்கத் தொடங்கின. பழுப்பு நிறப் பெண் தும்பி ஒன்று தண்ணீரை விட்டுவிட்டு நேராக பானெட்டுக்கு வந்து, வால்நுனியால் தட்டித் தட்டி எழும்பியது. ஔசேப்பு துண்டை வீசினார். ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் வந்தது. பளபளப்பின் மேல் பொடிப்பொடியாக ஏதோ அப்பியிருந்தது.

“அய்யோ, சேட்டா! துண்ட வீசாதீங்க!”

கசவுப் புடவையும் தலை நிறைய முல்லையுமாக பிரசீதா ஓடிவந்தாள். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவள்.

“முட்ட போடுது. உங்க வண்டியத் தண்ணின்னு நெனச்சிருச்சு.”

“என் வண்டியவா?”

கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று ஔசேப்புக்குத் தெரியவில்லை.

“வண்டிய எடுத்தா சூட்டுல எல்லாம் வெந்துரும். கழுவி மடுவுல விட்டுரலாம். அஞ்சே நிமிஷம்.”

பின்னாலேயே குடையோடு வந்த தாய்மாமன் ராகவன் தலையில் அடித்துக்கொண்டார். “பத்து நாப்பதுக்கு முகூர்த்தம்! நீ கல்யாணப் பொண்ணா, தும்பிக்குப் பிரசவம் பாக்க வந்தவளா?”

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முற்றத்திலிருந்த மூக்குவைத்த கிண்டிச் செம்பைத் தூக்கிவந்து பானெட்டில் மெல்லத் தண்ணீர் சரித்தாள். ஔசேப்பு கீழே பேசின் பிடித்தார். ஓடைப் பக்கம் திரும்பி அவள் புடவையைத் தூக்கிச் செருகுவதைக் கண்டதும் பதறிப்போனார்.

“மோளே, நீ எறங்காத. நான் விட்டுட்டு வரேன்.”

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு இறங்கினார். பேசினைச் சிந்தாமல் கவிழ்த்தார். நிமிரும்போது பாசி வழுக்கியது. பொத்தென்று உட்கார்ந்தவருக்கு மார்வரை தண்ணீர். முதலில் சிரித்தது ராகவன்தான். குடை கைநழுவும்வரை சிரித்தார்.

“முட்ட பத்திரம்!” என்று மடுவுக்குள்ளிருந்தே கத்தினார் ஔசேப்பு.

சீட்டில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, சொட்டச் சொட்ட ஓட்டினார். கோயில் வாசலில் அவரைப் பார்த்த மாப்பிள்ளை ரிஜில் மிரண்டுபோனான். “எங்கயாவது ஆத்துல விழுந்துட்டீங்களா?”

பிரசீதா காதோடு சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு தன் பெட்டியைத் திறந்து, மாலை வரவேற்புக்கு வைத்திருந்த பட்டுச் சட்டையையும் கரைவேட்டியையும் எடுத்து ஔசேப்பின் கையில் திணித்தான்.

“மொதல்ல இத உடுத்துங்க. எனக்குச் சாயங்காலத்துக்கு வேற பாத்துக்கலாம்.”

தாலி பத்து நாற்பத்தைந்துக்கு ஏறியது. முகூர்த்தம் தாண்டவில்லை என்று நம்பூதிரி சொல்லிவிட்டார். படம் எடுக்கிறவன் பட்டுச் சட்டையைப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளையோட பெரியப்பா, நடுவுல வாங்க” என்று கூப்பிட்டான். ஔசேப்பு திரும்பி ரிஜிலைப் பார்த்தார்.

“போங்க பெரியப்பா,” என்றான் அவன்.

ஔசேப்பு மீசையை ஒதுக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றார்.