பெயர், ஊர், ஆதரவு

சாக்ரமென்டோ சட்டமன்றக் குழு அறையில் வெர்னாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடியுமுன் ஃப்ரெஸ்னோவிலிருந்து காரோட்டி வந்தவள். முன்பொரு நாள் அவள் தம்பி டிவெய்ன் தெருவில் காரோடு காத்திருந்தபோது, கொள்ளையடிக்கக் கடைக்குள் போன கூட்டாளி கடைக்காரரைச் சுட்டுக் கொன்றுவிட்டான். கொலைப்பழி இருவர் தலையிலும் விழுந்தது. டிவெய்னுக்குச் சாகும்வரை சிறை. கூட்டாளி செய்த கொலைக்கு உடன் போனவனையும் கொலைகாரனாக்கும் அந்தச் சட்டத்தைத் திருத்தும் மசோதாதான் இன்று குழுவின் முன் வந்திருந்தது.

வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனால் இரண்டு வக்கீல்கள் சாவகாசமாகப் பேசி முடித்ததும் குழுத் தலைவர் ஹால்வர்சன், "மத்தவங்க எல்லாம் வரிசையா வந்து பேரு, ஊரு, ஆதரவா எதிர்ப்பான்னு மட்டும் சொல்லுங்க. கதை வேண்டாம்," என்றார்.

"கதையாம் கதை," என்று முணுமுணுத்தபடி வெர்னா வரிசையில் நகர்ந்தாள்.

"வெர்னா காட்லெட், ஃப்ரெஸ்னோ, ஆதரவு."

தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வாசல்வரை போனவளுக்கு வெளியே போக மனம் வரவில்லை. திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்று, மறுபடி மைக்கைப் பிடித்தாள்.

"டிவெய்ன் காட்லெட், சிறைச்சாலை, ஆதரவு."

ஹால்வர்சன் இப்போது நிமிர்ந்தார். "நீங்க அப்பவே சொல்லிட்டீங்களே, மேடம்."

"அது என் பேரு. இது என் தம்பி பேரு."

"அவர் இங்க இல்லையே. அறைக்குள்ள இருக்கறவங்களத்தான் கணக்குல எடுப்போம்."

"சுட்டப்பவும் அவன் கடைக்குள்ள இல்லைங்க," என்றாள் வெர்னா. "அப்ப மட்டும் எப்படிக் கணக்குல எடுத்தீங்க?"