நடுப்பக்கப் படம்

யோபுதாஸ் கண்ணாடியை மூக்கில் சரியாக வைத்துக்கொண்டு, பேனாவால் அந்த ஒரு வரியை மட்டும் நீளமாக அடித்தார். ஒரு கோடு போதாதென்று மேலே இன்னொன்றும் இழுத்தார். சபைச் செக்ரட்டரியின் கை, அடித்தால் அடித்ததுதான்.

"இத வாசிக்காண்டாம் மக்கா. மத்ததெல்லாம் கொள்ளாம். நல்லா எழுதியிருக்கே."

பிரீனா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பைக் காலையிலிருந்து உட்கார்ந்து எழுதியவள் அவள்தான். அடக்க ஆராதனையில் வாசிக்க ஒரு பக்கம். பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், அருமனைப் பக்கத்துத் தோட்டங்களில் முப்பது வருஷம் ரப்பர் வெட்டு. அடிபட்ட வரி இதுதான்: 'பதினாறு ஆண்டுகளுக்கு முன் மதுவை விட்ட தங்கையன், கடைசி நாள்வரை அதைத் தொடாமல் சாட்சியாக வாழ்ந்தார்.'

"அது உள்ளதுதானே மாமா?"

யோபுதாஸ் பந்தலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள் பாதி நிரம்பியிருந்தன. உள்ளே பிரீசர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ளதா இல்லியான்னு நான் சொல்லாண்டாம். நீ வரைஞ்ச படம் ஊருல பாதி வீட்டுல கெடக்கு. நான் மைக்குல நின்னு இத வாசிச்சா கேக்கவன் சிரிப்பான். செத்த வீட்டுல அது வேணுமா?"

"படத்துல இருக்கது அப்பா இல்ல மாமா."

"அவரே சொன்னாருல்லா! ரப்பர் ஷீட்டுக் கடையில எட்டு பேரு நிக்கோம். புக்க விரிச்சு வச்சு, 'இது நீதானா தங்கையா'ன்னு ஒருத்தன் கேட்டான். 'ஆமா, நான்தான். எனக்க மவ வரைஞ்சது'ன்னு சொன்னாரு. பின்ன நாங்க என்ன செய்ய? சபைக் கமிட்டிக்கு அவருக்க பேரப் போடாம விட்டதுக்கும் அவரு ஒரு வார்த்த கேக்கல்ல."

பிரீனாவுக்குத் தெரியாத சங்கதி இது. ஊர் தானாகவே ஊகித்துப் பேசிக்கொண்டது என்றுதான் இரண்டு மாதமாக நினைத்திருந்தாள். அப்பா தன் வாயால் சொன்னார் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

புத்தகம் என்றால் பெரிய புத்தகமல்ல. பதினொன்றாம் வகுப்பு பி பிரிவு, வருஷ முடிவில், ஆளுக்கொரு படம் வரைந்து கொடுத்து, அதையெல்லாம் சேர்த்து மார்த்தாண்டத்தில் அச்சடித்த ஆண்டு மலர். ஷைஜா மிஸ்ஸின் யோசனை. படங்களை வாங்கி, ஸ்கேன் செய்து, கீழே பெயர் போட்டு அச்சகத்துக்கு அனுப்பும் பொறுப்பு பிரீனாவுக்கு. எழுத்து அவளுக்கு நன்றாக வரும். படம்தான் வராது. சிதறால் மலையை மூன்று நாள் மெனக்கெட்டு வரைந்தாள். அது அவித்த உருளைக்கிழங்கு மாதிரி வந்தது, கொடுக்காமலே வைத்துக்கொண்டாள்.

வந்து சேர்ந்த படங்களில் ஒன்றுக்குப் பெயர் இல்லை. பஸ் ஸ்டாப் ஓரம் ஒரு ஆள் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறான். வேட்டி ஒருபக்கம், செருப்பு ஒருபக்கம், முகம் மண்ணில். அவனைத் தாண்டிப் போகும் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, அந்தப் பக்கம் பார்க்காமலிருக்கக் குடையைச் சாய்த்துப் பிடித்திருக்கிறாள். ஷைஜா மிஸ் அதை எடுத்து வகுப்புக்கே காட்டினாள்.

"இது யாரு வரைஞ்சது? எம்மா, என்ன ஒரு கை! நடுப்பக்கத்துல கலர்ல போடப்போறேன். சொல்லுங்க, யாரு?"

பிரீனாவின் தோழி ரெஜிலா தலையைக் குனிந்துகொண்டாள். பிரீனாவுக்குத் தெரியும். பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க வகுப்போடு போன அன்று, ரெஜிலாவின் பக்கத்தில் நடந்தவள் அவள்தான். அங்கே பஸ் ஸ்டாப் ஓரம் விழுந்து கிடந்தது ரெஜிலாவின் அப்பா சோபனராஜ் என்பதைப் பார்த்தவளும் அவள்தான். உள்ளூரில் சோபனராஜ் பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கிற மனுஷன். குடிப்பதற்கு மட்டும் ஊர் தாண்டிப் போவார்.

வகுப்பு திரும்பித் திரும்பிப் பார்த்தது. மிஸ் மறுபடியும் கேட்டாள். பிரீனா கையைத் தூக்கினாள். ரெஜிலாவைக் காப்பாற்றத்தான் தூக்கினேன் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதிப் பொய். 'என்ன ஒரு கை' என்று மிஸ் சொன்னாளே, அந்தச் சொல்லுக்குத்தான் கை தானாக எழும்பியது. அவளுக்கு யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை.

புத்தகம் வந்ததும் ஆளுக்குப் பத்துப் பிரதி விற்க வேண்டும் என்றார்கள். தங்கையனுக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்க பிள்ளைக்க புக்கு, நான் விப்பேன்" என்று கட்டைப் பிரிக்காமலே தூக்கிக்கொண்டு போனார். சபைக் கோயில் வாசல், சாயாக்கடை, கடைசியில் ஷீட்டுக் கடை. ஒன்பது பிரதி விற்றுத் தீர்த்துவிட்டு, சாயங்காலம் ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். நடுப்பக்கத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"மக்கா, இது நீ வரைஞ்சதா?"

"ஆமாப்பா."

"சரி."

அவ்வளவுதான். அந்த 'சரி'க்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஊர் பேசியது. பதினாறு வருஷம் சாட்சி சொன்ன ஆள் ஒளித்துக் குடிக்கிறான் என்று பேசியது. பேசினால் போகட்டும். ஆனால் நேற்று காலை, ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் மாரைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் சரிந்த அவரை, புல்லறுக்கப் போன செல்லபாய் ஆறு மணிக்கே பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுச் சுற்றிப் போயிருக்கிறாள். எட்டு மணிக்குத்தான் வேறு யாரோ தொட்டுப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

செல்லபாய் இப்போது பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். "குடிச்சிட்டுக் கெடக்காருன்னுல்லா நெனச்சேன்! எனக்க கண்ணு அவிஞ்சு போச்சே!" என்று அவள் கத்தும்போதெல்லாம், கூட இருந்த பெண்கள் அவளைத்தான் தேற்றினார்கள். அவள் மேல் யாருக்கும் கோபமில்லை. குடிகாரனைத் தாண்டிப் போவது உலக வழக்கம்தானே.

இரண்டேகால் மணிக்கு வகுப்பு மொத்தமும் சீருடையில் வந்தது. முன்னால் மலர்வளையத்தோடு ஷைஜா மிஸ். அவள் பிரீனாவைக் கட்டிப்பிடித்து, "நீ உள்ளத உள்ளபடி வரைஞ்ச பிள்ள. தைரியமா இரு" என்று காதில் சொன்னாள். பிரீனா அவள் கையை விலக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

ரெஜிலா கூட்டத்திலிருந்து விலகி, வீட்டுக்குப் பின்னால் ஷீட் அடிக்கும் மெஷினிடம் நின்றாள். பிரீனா நேராக அவளிடம் போனாள்.

"ஏட்டி, நான் சொல்லப்போறேன்."

"எத?"

"படம் எனக்கது இல்லன்னு."

ரெஜிலா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"நீயாத்தானே கைய தூக்கினே? நான் கேட்டேனா?"

"எங்கப்பா குடிக்கல்லட்டி."

"எனக்குத் தெரியாதா? ஆனா அக்காவுக்கு அடுத்த மாசம் கல்யாணம். அப்பா இப்ப கமிட்டியில வேற இருக்காரு." அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. "ஒனக்க அப்பா போயாச்சு, பிரீனா. இனி அவர யாரு என்ன சொன்னாலும் அவருக்கு நோவாது. எனக்க அப்பா இருக்காரு."

அப்பாவுக்குக் கொடுக்காத கமிட்டி இடம் யாருக்குப் போயிற்று என்று அதுவரை பிரீனா யோசித்துப் பார்த்ததே இல்லை. கையை உதறிக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மா சத்தியபாய் பெட்டியின் தலைமாட்டில் கல்லு போல இருந்தாள். நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மகளோடு ஒரு பேச்சும் இல்லை. பிரீனா பக்கத்தில் குந்தி, அவள் காதில் சொன்னாள்.

"அம்மா, அந்தப் படம் நான் வரைஞ்சதில்ல. பொய் சொன்னேன்."

சத்தியபாய் திரும்பவில்லை. பிரீசர் பெட்டியின் கண்ணாடிக்குள் இருந்த முகத்தையே பார்த்தபடி இருந்தாள்.

"தெரியும்."

"அம்மா..."

"நீ காக்கா வரைஞ்சா அது கோழியான்னு கேக்க மனுஷன். அவருக்குத் தெரியாதா? பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சு." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "'நான் இல்லன்னு சொன்னா பின்ன யாருன்னு தோண்டுவானுவ. பிள்ள கள்ளின்னு ஆவா, பள்ளிக்கூடத்துல நிக்கமுடியாது. என்னயத்தானே சொல்லுதானுவ, சொல்லட்டும்'னாரு. ஒனட்ட சொல்லப்பிடாதுன்னு எனக்க தலையில கை வச்சு சத்தியம் வாங்கினாரு."

"நீங்களாவது எனட்ட..."

"அவரு கேட்டாருல்லா ஒனட்ட? புக்க மடியில வச்சுக்கிட்டுக் கேட்டாருல்லா? அப்ப சொல்லியிருக்கலாமே ஏட்டி."

'சரி' என்றாரே, அது எத்தனை பெரிய சரி என்று பிரீனாவுக்கு இப்போதுதான் விளங்கியது. தரையில் தலையை முட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. முட்டிக்கொண்டால் வந்து பிடிக்கவும், பாவம் என்று சொல்லவும் நாலு பேர் இருந்தார்கள், அதுதான் பொறுக்கவில்லை.

மூன்று மணிக்கு உடலைச் சவப்பெட்டிக்கு மாற்றிப் பந்தலில் கொண்டு வைத்தார்கள். போதகர் ஜெபித்தார். பாடகர் குழு பாடியது. யோபுதாஸ் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார். கல்யாணத்திலிருந்து ரப்பர் வெட்டுக்குத் தாண்டும் இடத்தில் ஒரு நொடி நிதானித்தார். பந்தலில் ஒன்றிரண்டு தலைகள் நிமிர்ந்தன. அவர் அடுத்த வரிக்குப் போனார், தலைகள் தாழ்ந்துகொண்டன. எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அந்த வரியை வாசித்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாக விளங்கியிருக்காது.

பிரீனா எழும்பிப் போய் மைக்கைப் பிடித்தாள். போதகர் விலகி இடம் கொடுத்தார்; மகள் ஒரு வார்த்தை பேசுவது நல்லதுதானே.

"எங்கப்பா குடிக்கமாட்டாரு," என்றாள். குரல் ஸ்பீக்கரில் போய் ரோட்டில் கேட்டது. "பதினாறு வருஷமா தொட்டதில்ல. புக்குல இருக்க படம் நான் வரைஞ்சதில்ல. நான் பொய் சொன்னேன். அதுல விழுந்து கெடக்கது எங்கப்பா இல்ல."

முன்வரிசையில் ஷைஜா மிஸ் வாயைக் கைக்குட்டையால் பொத்தினாள்.

"பின்ன யாரு மக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார். வம்புக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். "யாரு வரைஞ்சது?"

சீருடைக் கூட்டத்தின் ஓரத்தில் ரெஜிலா நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை. அவளுக்கு இரண்டடி தள்ளி, கமிட்டிக்காரர்கள் வரிசையில், சோபனராஜ் கைகட்டி நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை. அவர் பிரீனாவை அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை அவர் பார்த்திருப்பார். அது தான் என்று தெரியுமோ தெரியாதோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

ஒரு பெயர் சொன்னால் போதும். பிரீனா வாயைத் திறந்தாள். 'என்னயத்தானே சொல்லுதானுவ, சொல்லட்டும்' என்று அப்பா சொன்னது காதுக்குள் கேட்டது. ரெஜிலாவைத் தள்ளிவிட்டு அப்பாவை எடுத்து நிறுத்துவதா? அப்பாவே செய்யாத காரியம் அது.

"யாருன்னு... சொல்லமுடியாது," என்றாள்.

அவ்வளவுதான், பந்தல் இளகிவிட்டது. பெண்கள் பக்கம் 'உச்' கொட்டும் சத்தம் கேட்டது. யோபுதாஸ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, மைக்கை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினார்.

"போதும் மக்கா, போதும். அப்பனுக்க மானத்துக்காகப் பிள்ள பொய்கூடச் சொல்லத் துணிஞ்சிட்டு பாருங்க," என்று மைக்கிலேயே சொன்னார். "தங்கையன் குடிச்சாரோ குடிக்கல்லியோ, நல்ல பிள்ளையப் பெத்தாரு."

"உள்ளதாக்கும்," என்றது நாலைந்து குரல். செல்லபாய் ஓடிவந்து பிரீனாவைச் சேர்த்து அணைத்துக்கொண்டு, "தங்கமான பிள்ள, தங்கமான பிள்ள" என்று முதுகைத் தடவினாள். செய்யாததற்குப் புகழ் கிடைப்பது பிரீனாவுக்கு இது இரண்டாந்தடவை. அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. பாடகர் குழு அடுத்த பாட்டை எடுத்திருந்தது. சத்தியபாய் மட்டும் இருந்த இடத்திலிருந்து மகளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, முதல்முறையாக, உடம்பு குலுங்க அழுதாள்.

பெட்டியை மூடித் திருகாணி முறுக்கினார்கள். சபை வழக்கப்படி கமிட்டிக்காரர்கள்தான் முதலில் தோள் கொடுக்க வேண்டும். இரண்டுபேர் இரண்டுபேராக வந்து குனிந்தார்கள். முன்பக்கம் இடது மூலையைச் சோபனராஜ் பிடித்தார்.

முற்றத்திலிருந்து ரோட்டுக்கு வெட்டுக்கல் படிகள். பாசி பிடித்து, ராத்திரி மழையில் நனைந்து கிடந்தன. சோபனராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றிப் பார்த்து, பெட்டி ஒரு நூல் சாயாமல் இறங்கினார்.

"பைய வாருங்க," என்று பின்னால் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே போனார். "பைய. வழுக்கும்."